அண்ணி கைத் தண்ணீர்

என் கையால் கொடுத்த தண்ணீரை என் புருஷன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். சரி, வாயெல்லாம் புண், உதடு வெடித்துக் கறுத்துக் கிடக்கிறது, எதை விழுங்கினாலும் நெருப்பாக எரியும் என்று நர்ஸும் சொல்லியிருந்தாள், நானும் வற்புறுத்தவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நாத்தனார் வந்தார். கைப்பையிலிருந்து மூடி போட்ட சின்ன டம்ளர் ஒன்றை எடுத்து, அதற்குள் ஸ்ட்ராவைப் போட்டு, இவர் உதட்டோரம் வைத்து, "குடிடா தம்பி, கொஞ்சம்தான்" என்றார். இவர் குடித்தார். முகம் கோணிக்கொண்டு, கண்ணோரம் நீர் வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிக் குடித்தார். எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது.

பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதை அழைக்க எனக்கு வராது. கட்டிய புருஷன் உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடக்கிறார், பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டரே யோசித்துத்தான் வாயைத் திறக்கிறார், இந்த நேரத்தில் யார் கைத் தண்ணீரைக் குடித்தார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நாத்தனார் என்றால் இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வருஷக்கணக்காக "கிளட்ச்சை விடு, கிளட்ச்சை விடு" என்று கத்திக் கத்தி அவர் தொண்டை நிரந்தரமாகக் கரகரத்துப் போய்விட்டது. கற்றுக்கொடுக்கிற காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எங்கள் குடும்பத்திலும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் எங்கள் கையில், பிரேக் அவர் காலடியில். ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கடைக்குள் நின்றுகொண்டே இவர் அக்காவுக்குப் போன் போடுவார். நான் ஊரெல்லாம் அலைந்து எடுத்துவந்த சட்டை, அக்கா ஒரு தரம் "நல்லா இருக்குடா" என்று சொல்லும் வரைக்கும் பையை விட்டு வெளியே வராது. இதில் கொடுமை என்னவென்றால் அண்ணி கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் பங்குக்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், மருந்து. கடைவீதி முனையில் உள்ள மருந்துக் கடையில் நான்தான் மருந்தாளுநர். டாக்டர்களின் கையெழுத்தைத் தலைகீழாகப் பிடித்தும் படிப்பேன். வீட்டில் யாருக்குத் தலைவலி, யாருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணியும் மூச்சுவிடாமல் என் பேச்சைக் கேட்பார். மாத்திரை அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?" என்று அவர் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் உயரம் கூடின மாதிரி இருக்கும்.

அதனால்தான் இவருக்குக் காய்ச்சல் வந்து, கண் சிவந்து, தொண்டை வலித்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். மார்பில் செம்புள்ளிகள் கிளம்பியதும் அண்ணிக்குப் போன் செய்து, "அம்மைதான் அண்ணி, பயப்பட ஒண்ணும் இல்லை, நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீயே சொல்லிட்டா சரிதாம்மா" என்றார். உண்மையைச் சொல்வதில் என்ன, அந்த வார்த்தை இனித்தது. மறுநாள் புள்ளிகளின் நடுப்பக்கம் கறுத்தது. உதடு கொப்பளித்தது. நனைந்த பனியனை மாற்றலாம் என்று மெதுவாக இழுத்தேன்; தோளிலிருந்து துணியோடு தோலும் சேர்ந்து வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அண்ணி டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் பழைய படுக்கை விரிப்பை மெத்தையாகப் போட்டு, எங்கேயும் கை படாமல் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

தோல் டாக்டர் ஒல்லியான பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவசரமே தெரியாமல் பேசுகிறவர். கொப்புளம் இல்லாத, பார்வைக்கு நன்றாக இருந்த ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக ஒதுக்கினார். வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி அது நகர்ந்து சுருண்டது. அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். அண்ணி அப்போது கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"இது அம்மை இல்லைம்மா. ஏதோ ஒரு மருந்தை இவர் உடம்பு எதிரியா நினைச்சுக்கிட்டு, சொந்தத் தோலையே அடிச்சுக் கழட்டுது. தோல்ல துளி வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பறேன், ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. எந்த மருந்துன்னு தெரியணும், உடனே நிறுத்தணும். அதுதான் முதல் வைத்தியம். கொஞ்ச நாளா, ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்குள்ள, புதுசா ஏதாவது ஆரம்பிச்சாரா?"

"இல்லை டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலிப்புக்கு, மூட்டு வலிக்கு, சிறுநீர்த் தொற்றுக்கு, எதுவா இருந்தாலும் சரி. வேற யாராவது குடுத்திருக்கலாம்."

அந்த 'வேற யாராவது' எனக்குச் சுருக்கென்றது. "நானே மருந்தாளுநர் டாக்டர். என் கையைத் தாண்டி இவர் வாய்க்குள்ள ஒரு மாத்திரை போகாது" என்றேன்.

இவரையும் போய்க் கேட்டார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இமைகள் வீங்கி ஒட்டத் தொடங்கியிருந்த கண்ணை என் பக்கம் ஒருமுறை திருப்பிவிட்டு, ஒன்றும் இல்லை என்பதுபோல் தலையை அசைத்தார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்படின்னா நீங்க குடுத்த காய்ச்சல் மாத்திரைதான் பாக்கி. அபூர்வமா அதுலயும் வரலாம். ஆனா நாள் ஒத்து வரலையே. இந்த வியாதி மருந்து போட்ட மறுநாளே வராது. வாரக்கணக்கா சத்தம் போடாம இருந்துட்டுத்தான் கிளம்பும். காய்ச்சலே இதோட ஆரம்பம்தான். அதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே காய்ச்சல் மாத்திரையை நிறுத்தச் சொல்லி எழுதினார். அதை நான் எத்தனை பேருக்கு எத்தனை வருஷமாக எடுத்துக் கொடுத்திருப்பேன்! என் புருஷனுக்கு என் கையாலேயே விஷம் கொடுத்துவிட்டேனா?

அப்போது பார்த்து அண்ணி படியேறி மூச்சிரைக்க வந்தார். "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

என் மாத்திரையாக இருக்கலாம் என்று சொன்னார்கள், இதை இந்த மனுஷியிடம் எந்த வாயால் சொல்வேன்? என்னிடம் மிச்சமிருந்த ஒரே மரியாதை அது. "ஏதோ கிருமியாம் அண்ணி. மருந்து குடுக்கறாங்க" என்றேன்.

"நான் ஏதாவது பேசணுமா அவங்ககிட்ட?"

"வேண்டாம். சொல்ல வேண்டியதெல்லாம் நான் சொல்லியாச்சு."

தனி அறை கொடுத்தார்கள். டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். ஏழு விஷயம் பார்ப்பார்களாம். வயது, நாடித்துடிப்பு, எவ்வளவு தோல் உரிந்திருக்கிறது, ரத்தத்தில் யூரியா, சர்க்கரை, அமிலத்தன்மை, ஏற்கெனவே புற்றுநோய் உண்டா. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி ஏற ஏற மனுஷன் கையைவிட்டுப் போகும் வாய்ப்பும் ஏறும். இவருக்கு நாற்பதைத் தாண்டியதற்கு ஒன்று, உரிந்த தோலுக்கு ஒன்று. "ரெண்டுன்னா நம்பிக்கையா இருக்கலாம். மருந்தை நிறுத்தியாச்சு, சில நாள்ல பரவறது நிக்கணும். திரும்பவும் ஒரு தரம் கணக்கெடுப்போம்" என்றார். பரீட்சைக்கு மார்க் போடுகிற மாதிரி இருந்தது. மார்க் கூடக் கூட ஃபெயில்.

பரவுவது நிற்கவில்லை. முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. கட்டுத் துணியை மாற்றும்போது நர்ஸ்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். டாக்டர் தினமும் வந்து பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். ஒரு நாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு ஒண்ணு புரியலைம்மா. நிறுத்தின மாதிரியே இல்லை. இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு" என்றார்.

நான் அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தினமும் அதே டம்ளரோடு வந்தார், இவர் தினமும் அவர் கையால் மட்டும் குடித்தார். நான் இளநீராகப் பார்த்து வாங்கிவந்தேன், ஆறவைத்த வெந்நீர் கொண்டுவந்தேன், ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உதட்டில் ஒற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம். அண்ணி வரும் நேரம் ஆகிவிட்டால் மட்டும் ஒட்டிப்போன கண்ணோடு வாசல் பக்கம் தலை திரும்பும். அப்படி என்னதான் கரைத்துக் கொண்டுவருகிறார்? ஏதோ ருசியாகச் செய்து வந்து, உன்னைவிட நான்தான் அவனுக்கு வாய்க்கு ருசியாகச் செய்கிறவள் என்று என்னிடம் காட்டிக்கொள்கிறாரா? அன்றைக்கு அண்ணி கை கழுவ உள்ளே போனதும் அந்த டம்ளரை எடுத்தேன். வேவு பார்க்கத்தான் எடுத்தேன், மறைப்பானேன்.

அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. வெள்ளையாக, கலங்கலாக. மோந்து பார்த்தேன். பழ வாசனை. பழத்தின் வாசனை இல்லை, பழம் மாதிரி செய்த வாசனை. குழந்தைகளுக்கான மருந்துப் பாட்டிலைத் திறந்தால் வருமே, அது. பெரியவர்களுக்கான மருந்தில் அந்த வாசனை வருவது மிகச் சிலவற்றில்தான். தண்ணீரில் போட்டால் தானே கரையும் மாத்திரைகள். எங்கள் கடையில் இடது பக்கம் மேல் தட்டில் இருக்கிறது அதில் ஒன்று. வலிப்புக்குக் கொடுப்பார்கள். மனசு ஒரேயடியாகச் சோர்ந்து விழாமல் இருக்கவும் கொடுப்பார்கள். தோல் உரிந்துபோகும் இந்த வியாதிக்குப் பேர்போன மருந்துகளில் அதுவும் ஒன்று என்று நான் படித்த காலத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் கையில் டம்ளரைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

"என்ன அண்ணி இது?"

"அவன் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்மா."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு அந்த மனநல டாக்டர் கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. இங்க படுத்ததும் அவன் ஒரே பேச்சுதான் பேசினான், 'அக்கா, மாத்திரை'ன்னான். அதான் கரைச்சுக் கொண்டுவந்தேன். ஏம்மா? ஏன் இப்படிப் பாக்கறே?"

"இவருக்கு வந்திருக்கறது மருந்தால வந்தது. இந்த மருந்தால. நீங்க தினமும் ஊத்திட்டு இருந்தீங்களே, அதால."

சொல்லும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அக்கா தப்பு, நான் சரி. என் காய்ச்சல் மாத்திரை இல்லை, அவர் கைத் தண்ணீர். அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? அண்ணி சுவரில் சாய்ந்தார். அந்தக் கரகரத்த குரல் இன்னும் உள்ளே போய்விட்டது.

"தடிப்பு வந்தா உடனே நிறுத்தணும்னு அந்த டாக்டர் சொல்லியிருந்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ அம்மைன்னு சொன்னே. உனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன். அப்புறம் இங்க வந்து கேட்டேன். கிருமின்னு சொன்னே. என்கிட்ட நீ கிருமின்னுதானேம்மா சொன்னே?"

அவர் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே கேட்டார், தான் எங்கேயாவது சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டோமோ என்கிற மாதிரி.

நேரே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "வாசனையை வச்சா கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பொறாமையை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லவா முடியும்? அந்த மனநல டாக்டருக்கு உடனே போன் போட்டுப் பேசினார். இவரைத் தீக்காயப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போன பிறகு நானும் அண்ணியும் காலி அறையில் சாமான்களை எடுத்துவைத்தோம். எதற்காக அந்த மாத்திரை என்று அப்போதுதான் கேட்டேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில், தரைமட்டத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். அதில் இறங்கித்தான் சில வேலைகளைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அப்படி இறங்கியவர், வேலை முடிந்த பிறகும் ஏறி வரவில்லையாம். அங்கேயே உட்கார்ந்துகொண்டு அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார்.

"'கால் கை நல்லாத்தான் இருக்குக்கா, ஏணியும் இருக்கு, ஏறத்தான் மனசு வரலை'ன்னான். அழுதான்மா. நான் போய்க் கூப்பிட்டு மேல ஏத்தினேன். அப்புறம்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து, குளித்து, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, டிவி பார்த்தார். தட்டைக்கூட அவரே கழுவினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை? நான் மருந்துக் கடையிலதானே நிக்கறேன், அந்த மாத்திரை என் தலைக்கு மேல இருக்கு, என்கிட்ட ஏன்..."

அண்ணி துண்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார். "கடைக்கு வர்றவங்களை நீ வீட்டுல வந்து நடிச்சுக் காட்டுவியாமே. மனசுக்கு மாத்திரை வாங்க வர்றவங்களை. சீட்டைச் சின்னதா மடிச்சு உள்ளங்கைக்குள்ள வச்சுக்கிட்டு, பின்னாடி யாராவது நிக்கறாங்களான்னு பாத்துக்கிட்டு, குரலைத் தாழ்த்தி... அப்படியே தத்ரூபமா இருக்குமாமே. அவன்தான் சொன்னான்."

தத்ரூபமாகத்தான் இருக்கும். நடையும் குரலும் எனக்குச் சட்டென்று வந்துவிடும், பள்ளிக்கூடத்திலேயே டீச்சர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டச் சொல்வார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார், இன்னொரு தரம் செய் என்பார். அந்த ஒரு நேரத்தில்தான் அக்காவை மறந்து முழுசாக என்னைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். யாரை நடித்துக்காட்டும்போது அவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டாரோ. துண்டுகளை வாங்கிப் பையில் திணித்தேன், ஜிப் மாட்டிக்கொண்டு நகரவில்லை, அண்ணி வாங்கி மெதுவாக இழுத்து மூடினார்.

தீக்காயப் பிரிவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். அதுவும் கையை முழங்கை வரை கழுவி, பச்சை அங்கி மாட்டி, முகமூடி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டபிறகுதான். கண்ணாடியில் பார்த்தால் என்னையே எனக்குத் தெரியவில்லை. அண்ணி உள்ளே வர மறுத்துவிட்டார். "என் கையால போனது போதும்மா. நீ போ" என்று பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் ஆசைப்பட்டது இதுதானே, அவர் வெளியே, நான் உள்ளே. கிடைத்துவிட்டது.

டாக்டர் மறுபடி கணக்கெடுத்தார். நாடித்துடிப்பும் எல்லையைத் தாண்டியிருந்தது. புள்ளி மூன்று. "மூணுன்னா, மூணு பேருக்கு ஒருத்தரை எங்களால காப்பாத்த முடியறதில்லை. இது கூட்டமா பாத்த கணக்கு, இவருக்கு இப்படித்தான்னு யாராலும் சொல்ல முடியாது. மருந்து லேட்டா நின்னது வேற இருக்கு. அதுக்கு இந்தக் கணக்குல புள்ளி கிடையாது, ஆனா உடம்புக்குத் தெரியும். அடுத்த கொஞ்ச நாளைத் தாண்டிட்டா தோல் திரும்ப வரும்" என்றார். வரும்போது எந்த அடையாளமும் இல்லாமல் வருமா என்று கேட்க நினைத்து, அதைக் கேட்கும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை என்று விட்டுவிட்டேன்.

உள்ளே அனலாக இருந்தது. தோல் இல்லாத உடம்புக்குக் குளிருமாம், அதனால் அறையைச் சூடாக வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். கண்கள்மேல் மருந்து தடவிய வலைத்துணி. உடம்பு முழுக்க வெள்ளைக் கட்டு. வலது கையின் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. திரையில் அவருடைய நாடித்துடிப்பு எண்ணாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சிவப்பாக. நான் பக்கத்தில் போய் நின்றேன். காலடி கேட்டிருக்க வேண்டும். விரல்கள் அசைந்தன. கையுறை போட்ட என் விரலை அவற்றின் அடியில் மெல்ல நுழைத்தேன்.

உதடு பிரிந்தது. காற்று மாதிரி ஒரு சத்தம். குனிந்து காதைக் கொண்டுபோனேன்.

"அக்கா?"

நான்தாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவ்வளவுதான், அந்த உதடு மூடியிருக்கும். அதற்குள் அவரே மறுபடியும் கேட்டார்.

"அவகிட்ட... சொல்லிட்டியா?"

திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. எச்சரிக்கை மணி மெதுவாக அடிக்கத் தொடங்கியது. மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். நான் முகமூடிக்குள் தாடையைத் தாழ்த்தினேன், தொண்டையை இறுக்கினேன். எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது அந்தக் கரகரப்பு.

"இல்லடா தம்பி. சொல்லலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

நெஞ்சுக் கட்டு மெதுவாக உயர்ந்து மெதுவாக இறங்கியது. மணி நின்றது. சிவப்பு எண் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், இப்படியே பேசிக்கொண்டிருங்கள் என்கிற மாதிரி. எனக்குத் தெரியாது என்று தெரிந்ததில் அவருக்கு அத்தனை நிம்மதி. கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. உருவவில்லை.

"மறுபடியும் அந்தக் குழிக்குள்ள இருக்கற மாதிரி இருக்குக்கா" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று வந்தது. "மேல வெளிச்சம் தெரியுது. ஏணி இருக்கு."

"ஏறுடா. மெதுவா ஏறு. நான் மேலதான் நிக்கறேன்."

அவர் பேச ஆரம்பித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் இப்படி ஒரு பேச்சு அவர் பேசியதில்லை. பாதி காற்றாகப் போயிற்று, பாதி புரிந்தது. புரிந்ததில் என் பெயரும் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வாயருகே குனிந்தபடி, ம், ம் என்று அண்ணியின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏதோ உறுத்தவே நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி எழுந்து வந்து நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, நெற்றியும் அதில் இடிக்க, தன் தம்பியின் உதடுகள் என் காதோரம் விடாமல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அது வேறு பார்வை, எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. அவர் மூச்சு பட்டுக் கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்தது, அவர் முகம் அதற்குள் மறைந்தது, புறங்கையால் அவசரமாகத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.